நாலு விரல் குட்டையான சைலன்சர்

பட்டறைக்குள் ஒரு வண்டி நுழைந்தால் முதலில் நான் வண்டியைச் சந்தேகப்படுவேன். அப்புறம் அதை ஓட்டிவந்தவரை. அப்புறம் அவர் கையோடு கொண்டுவந்திருக்கும் சாமானை, அதை விற்ற கடைக்காரரை, அந்தக் கடைக்கு வழி சொன்ன ஆளை. அல்லிநகரத்தில் முப்பத்தெட்டு வருஷம் சைலன்சர் வேலை பார்த்தேன். போலிச் சாமானை என் தலையில் கட்டிவிட்டுத் தப்பியவர் எவரும் இல்லை. "அண்ணே போலீஸுக்குப் போகவேண்டியவுக, வழி தப்பி இங்கன வந்துட்டாக" என்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேலி செய்வார்கள். கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

மெக்கானிக் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். குழாயை எப்படி வளைப்பது, எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் உங்கள் செல்போனிலேயே இருக்கிறது. என்னைவிடப் பொறுமையாகவும் அது சொல்லித் தரும். நான் எழுதப்போவது, என் சந்தேகப் புத்தி ஒரு மனிதருடைய வேலைக்கு உலை வைத்த கதையை. நான் பட்டறையை மூடியதற்கு முந்தின வருஷம் நடந்தது.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் வேதமணி அண்ணாச்சி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் செய்த வண்டி. இரண்டே இருக்கை, மடக்கிவிடுகிற துணிக்கூரை, உள்ளே உட்கார்ந்தால் கை நீட்டித் தரையைத் தொட்டுவிடலாம் போன்ற உயரம். அவருடைய அப்பா ஒரு தேயிலைத் தோட்டத்து மேனேஜரிடம் வாங்கியதாம். மலைக்கு மேலே பூப்பாறைப் பக்கம் அவர்களுக்கு ஏலத்தோட்டம் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் அண்ணாச்சியும் அவர் மனைவி எஸ்தரம்மாவும் அந்தக் காரில்தான் போடிமெட்டு ஏறுவார்கள். திரும்பும்போது, வியாபாரிகளிடம் காட்டவேண்டிய மாதிரிக் காயைச் சின்னத் துணிப்பையில் கட்டி டிக்கியில் போட்டுக் கொண்டுவருவார்கள்.

சைலன்சர் துருப்பிடித்து நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. வண்டியைக் கிளப்பினால் சோளம் பொரிகிற மாதிரி சத்தம்.

"எது வேணா மாத்துங்க மெக்கானிக்கு. அப்பா காலத்துச் சத்தம் மட்டும் மாறக்கூடாது" என்றார் அண்ணாச்சி.

எஸ்தரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கணவர் இந்தக் காரைக் கட்டிக்கொண்டு அழுவது அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நானாகவே முடிவுகட்டினேன்.

கோயம்புத்தூரில் பழைய கார்களுக்குச் சாமான் விற்கும் ஒருவரை அண்ணாச்சியே கண்டுபிடித்து வைத்திருந்தார். வண்டியோடு வந்த அளவிலேயே செய்த முழு செட், துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று அவர் போட்டோ அனுப்பியிருந்தார். போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டியது. பளபளப்பு அதிகம். சாமான் வந்து இறங்கியதும் பெட்டியைப் பிரித்து முதல் வேலையாகக் காந்தத்தை வைத்தேன். பக்கென்று ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி முன்னாலேயே அந்தக் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"என்ன சார், ஸ்டெயின்லெஸ்னு சொல்லிட்டுத் தகரத்தை அனுப்பியிருக்கீக?"

"இல்லீங்ணா, காந்தம் ஒட்டுற ஸ்டெயின்லெஸும் இருக்குதுங்க. சைலன்சருக்கு அதைத்தான் நெறையப் பேரு போடுவாங்க."

"யாருகிட்ட காது குத்துறீக? எனக்கு என்னைக்கோ குத்தியாச்சு."

அவர் சொன்னது உண்மை. அப்படி ஒரு ரகம் இருக்கிறது, சூட்டைத் தாங்கும், இந்த வேலைக்கு நல்ல ரகமும்கூட. நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது நெடுநாள் கழித்துத்தான். அன்றைக்குப் பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பவைத்தேன். அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார், அது எனக்குப் பிடித்திருந்தது.

"வேற எங்கயும் தேட வேணாம் அண்ணாச்சி. என் கையாலயே செஞ்சு தாரேன்" என்றேன்.

அந்த செட்டில் இன்னொன்றும் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. புகை வெளியேறுகிற வால் குழாய் பின் பம்பரைத் தாண்டி நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. தேனியிலிருந்து போடிக்குப் போகிற வழியில் எத்தனை ஸ்பீடு பிரேக்கர் என்று உங்களுக்கே தெரியும். அதில் பாதி முதுகை உடைக்கிற உயரம். இவ்வளவு தாழ்வான வண்டியில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் நாலாம் நாள் இடித்து வளைந்துவிடும். வெள்ளைக்காரன் அழகுக்காக நீட்டியிருப்பான், நமக்கு எதற்கு என்று நினைத்தேன். எதற்காக அந்த நீளம் என்று யாரிடமும் கேட்கவில்லை. பம்பருக்கு உள்ளேயே குழாயை நிறுத்தி, முனையைத் தரையைப் பார்க்க வளைத்துவிட்டேன்.

சத்தத்துக்கு மூன்று தரம் பிரித்து மாட்டினேன். மூன்றாவது தரம் கிளப்பியபோது அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். என் வேலையில் அவ்வளவு சந்தோஷமான சாயங்காலங்கள் குறைவு.

அப்புறம் சாரல் பருவம் வந்தது. துணிக்கூரையை இழுத்து மூடிக்கொண்டு மலை ஏறினார்கள். இரண்டு வாரத்தில் போடி வியாபாரிகள் அண்ணாச்சியின் மாதிரிக் காயை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். காயில் புகை வாடை.

ஏலக்காய் வியாபாரத்தில் புகை வாடை என்றால் ஒரே ஒரு ஆளைத்தான் பிடிப்பார்கள். பச்சைக் காயைத் தோட்டத்திலேயே ஒரு கூடத்தில், விறகு எரித்து வருகிற சூட்டில் உலர்த்துவார்கள். ஈர விறகை வைத்தாலோ புகைக்குழாய் விரிசல் விட்டாலோ வாடை காயில் ஏறிவிடும். அண்ணாச்சியின் உலர்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் பெயர் முத்தையா. பொட்டிப்புரத்துக்காரர், இருபத்திரண்டு வருஷமாக அங்கேயே வேலை, அங்கேயே குடியிருப்பு. ஈர விறகு வைக்கவே இல்லை என்று அவர் அடித்துச் சொன்னார். அண்ணாச்சிக்கு நம்பவும் மனமில்லை, நம்பாமல் இருக்கவும் மனமில்லை. யாராவது ஒருவர் தீர்த்துச் சொன்னால் தேவலை என்ற நிலையில் அவர் தேடிய ஆள் நான்.

போடி கடைத்தெருவில் இருந்த தன் குடோனுக்கு என்னை வரச் சொன்னார். ஐந்து வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி துணிப்பையை அவிழ்த்து என் முன்னால் நீட்டினார்.

"நீங்க புகையிலயே பொழைக்கிறவுக. மோந்து பாத்துச் சொல்லுங்க மெக்கானிக்கு."

முகர்ந்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காலையிலிருந்து ராத்திரிவரை மோட்டார் புகைக்குள்ளேயே கிடந்த மூக்கு. மோட்டார் புகை அதற்குக் காற்று மாதிரி, தனியாகத் தெரியவே தெரியாது. ஏலக்காய் வாசம் அடித்தது, அதோடு ஏதோ ஒரு கசப்பு. அவ்வளவுதான். "தெரியவில்லை அண்ணாச்சி" என்று சொல்லியிருக்கவேண்டும். ஆனால் ஐந்து பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காந்தத்தை வைத்துக் கடைக்காரரின் பித்தலாட்டத்தைக் கண்டுபிடித்த கதையை அண்ணாச்சி அவர்களிடம் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

"வெறகுப் புகைதான்" என்றேன். அதோடு விட்டேனா? "ஈர வெறகை எரிச்சுப்புட்டுக் காஞ்ச வெறகை வெளிய வித்துருப்பான் அண்ணாச்சி. ஆளைக் கொஞ்சம் பாத்துக்கங்க."

நான் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒரு மனிதரைத் திருடன் என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் முத்தையாவை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

அதற்கு நாலாம் நாள் எஸ்தரம்மா தனியாகப் பஸ்ஸில் வந்து பட்டறையில் இறங்கினார். கையில் இரண்டு துணிப்பை.

"அவுகளுக்குத் தெரியாமத்தான் வந்தேண்ணே. இது ரெண்டும் ஒரே நாள் காயி, ஒரே கூடத்துல காஞ்சது. முத்தையா கடைசியா உலத்துனது. இது கார் டிக்கியில வந்துச்சு. இது என் மடியில பஸ்ல வந்துச்சு. டிக்கியில வந்ததுல மட்டுந்தான் வாடை அடிக்குது."

எனக்கு உடனே எரிச்சல் வந்தது. "பழைய ஓட்டை சைலன்சர்ல வராத வாடையா புதுசுல வரப்போகுது?"

"அது வெயில் காலம்ணே. மேல தொறந்து கெடந்துச்சு. இப்ப மூடிக்கிட்டுப் போறோம். எனக்கு மலை ஏறுனாலே தலை பிளக்குது, வாந்தி வருது."

"மலை ஏறுனா எல்லாருக்கும் வரத்தானம்மா செய்யும். எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டுப் போங்க."

நான் மட்டுமல்ல, நம் பள்ளத்தாக்கில் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மலைப்பாதையில் வாந்தி வருவது நமக்குச் சாதாரணம், கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் யாரும் பஸ் ஏறுவதில்லை. உலகத்தில் உள்ள அத்தனையையும் சந்தேகப்பட்ட நான் அந்த எலுமிச்சம்பழத்தை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

எஸ்தரம்மா நகரவில்லை. "சின்னப் புள்ளையிலருந்து இந்த மலை ஏறுறேன். பஸ்ல ஒண்ணுஞ் செய்யாது. நீங்க சைலன்சர் மாத்துனதுலருந்து இந்தக் கார்லதான் இப்படி. அந்த மனுசன் பாவம்ணே. ஒருக்கா என்கூட வந்து பாருங்க."

காரை விற்கவைக்க இந்த அம்மா போடுகிற திட்டம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஒரு பையில் மட்டும் எதையாவது தடவிக்கொண்டு வந்திருப்பார் என்றுகூட நினைத்தேன். அதை நிரூபித்துவிடலாம் என்ற வீம்பில்தான் சரி என்றேன்.

மறுநாள் காலை, கிளாம்ப் இறுக்கவேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு எஸ்தரம்மா காரை எடுத்துவந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. டிக்கியைத் திறந்தபோது மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் காய்ந்து வெடித்திருந்ததைக் கண்டேன். சைலன்சர் மாட்டியபோது நான் அதைப் பார்க்கவே இல்லை. ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, பாதி வெளியிலும் பாதி உள்ளேயும் இருக்கும்படி மூடியின் ஓரத்தில் வைத்து அழுத்திச் சாத்தினேன். எஸ்தரம்மா ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

போடி தாண்டி மலை தொடங்கியது. ஐந்தாவது வளைவில் எனக்கு நெற்றிப் பொட்டில் வலி எடுத்தது. காலையில் சாப்பிடாமல் வந்ததால் என்று சொல்லிக்கொண்டேன். எட்டாவது வளைவு தாண்டி ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய் டிக்கியைத் திறந்தேன். துணியின் உள்பாதியில் மைக்கோடு இழுத்த மாதிரி கரி படிந்திருந்தது.

நின்ற இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்று திரும்பிச் சுழலும். குழாய் பம்பரைத் தாண்டி நீண்டிருந்தால் புகை அந்தச் சுழலுக்கு வெளியே போய்விடும். நான் நாலு விரல் வெட்டிவிட்டதால், பின்பக்கத்திலேயே தங்கி வெடித்த ரப்பர் வழியாக டிக்கிக்குள் ஏறி, அங்கிருந்து இருக்கைக்கு வந்திருக்கிறது. அந்தப் புகையில் வாடையே இல்லாத விஷமும் உண்டு. முதலில் தலைவலி, அப்புறம் மயக்கம். வாரத்துக்கு இரண்டு தரம் அதை இரண்டு பேர் சுவாசித்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் நான் செய்ததை என் வீட்டில்கூடச் சொன்னதில்லை. துணியைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"என்னண்ணே தெரிஞ்சுச்சு?"

"ஒண்ணும் தெரியலம்மா. துணி ஈரமாயிருச்சு."

பட்டறைக்குப் போனதும் ஒரு காரணம் சொல்லிக் குழாயை நீட்டி ஒட்டிவிட்டால் போதும், வாடை நின்றுவிடும், தலைவலி நின்றுவிடும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. முத்தையாவுக்கு வேறு எங்காவது வேலை கிடைக்கும். இதையெல்லாம் அந்தத் தூறலில் நின்று ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிட்டேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஏறி உட்கார்ந்தோம். எஸ்தரம்மா சாவியைத் திருப்பவில்லை. "ஒரு நிமிசம்ணே" என்று ஸ்டீரிங்கில் நெற்றியைச் சாய்த்தார். உதடு வெளுத்திருந்தது. வலதுபக்கம் இடுப்புயரச் சுவர், அதற்கு அப்பால் வெறும் பள்ளம். நான் வாயை மூடிக்கொண்டால் இந்த அம்மா இன்னும் எட்டு வளைவு இறங்கி ஓட்டவேண்டும் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

கதவைத் திறந்து அவரை இறக்கி மழையில் நிற்கவைத்தேன். துணியை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"தப்பு என்னோடதும்மா. நான் குழாயை வெட்டுனதுதான். முத்தையாவுக்கு இதுல சம்பந்தமே இல்ல."

அவர் என்னைத் திட்டவில்லை. துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "அப்பவே தெரிஞ்சுபோச்சு, இல்ல?" என்றார். ஆமாம் என்றேன்.

கூரையை மடக்கிவிட்டு, மழையில் நனைந்தபடி நானே ஓட்டிக்கொண்டு இறங்கினேன். அண்ணாச்சி குடோன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது. அதுவரை என்னை நீங்க வாங்க என்றே பேசியவர்.

"ஏன்யா, உன் வாக்கை நம்பித்தானய்யா அந்த மனுசனை அனுப்புனேன்! பொண்டாட்டி புள்ளைகளோட சாமானை ஏத்திக்கிட்டுப் போனாருய்யா!"

கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டு, அதே செட்டைத் திரும்ப வரவழைத்து மாட்டினேன். டிக்கி ரப்பரையும் மாற்றினேன். அது எளிதான பாதி.

அண்ணாச்சியும் எஸ்தரம்மாவும் நானும் பொட்டிப்புரம் போனோம். முத்தையா வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், புருவமெல்லாம் நரைத்திருந்தது. முதலாளியைக் கண்டதும் எழுந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. நான் முன்னால் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கயிற்றைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"அந்தக் காயி இருக்கா?" என்றார் கடைசியில்.

எஸ்தரம்மா பையைக் கொடுத்தார். முத்தையா இரண்டு காயை எடுத்து நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோனார். ஒரு மூச்சுகூட ஆகியிருக்காது.

"பெட்ரோலு" என்றார். "வெறகுல இந்த வாடை வராது. இருவத்திரெண்டு வருசம் அங்கன கெடந்தவன், என்ன வெறகுன்னே மோந்து சொல்லிருவேன். என்னையத் தவுர எல்லார் கையிலயும் குடுத்துப் பாத்திருக்கீக."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "வந்துரு முத்தையா" என்று மட்டும் சொன்னார்.

"வாரேன் முதலாளி. ஆனா இவுக அஞ்சு பேரு முன்னாடி என்னையத் திருடன்னு சொல்லிருக்காக. அந்த அஞ்சு பேரையும் கூப்பிடுங்க. இவுகளே அங்கன வந்து சொல்லட்டும்."

நாளைக்கு உங்களிடமும் யாராவது ஒரு சாமானை நீட்டி, யார் தப்பு என்று கேட்பார்கள். நமக்குத் தெரியும் என்று நம்பித்தான் கேட்பார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்தமாதிரி இருந்தாலும், பழி யார்மேல் விழப்போகிறதோ அவர் கையில் முதலில் அதைக் கொடுத்துவிட்டு அப்புறம் வாயைத் திறவுங்கள். நான் செய்யாததைத்தான் சொல்கிறேன்.

மறுநாள் காலை அதே குடோன். அதே ஐந்து பேர். முத்தையா வெள்ளைச் சட்டை போட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரம் நின்றார். அன்றைக்கு எனக்கு எந்தப் புகையும் தெரியவில்லை, தெரிந்தமாதிரி சொன்னேன், இவர் திருடவில்லை, வாடை வந்தது நான் வெட்டிய குழாயிலிருந்து என்று சொன்னேன். ஒரு வியாபாரி சிரித்தார். இன்னொருவர், இனி யாரைத்தான் நம்புவது என்றார்.

முத்தையா சிரிக்கவில்லை. நான் முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் அண்ணாச்சியிடம், "மத்தியானம் கூடத்துக்குப் பச்சைக் காய் வந்துரும் முதலாளி, நான் பஸ்ஸைப் புடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி நடந்து படியிறங்கிப் போனார்.